தழும்பு இருந்த பூனை

மார்ச் 3, செவ்வாய்

மூன்று கருத்தடை ஆபரேஷன். இரண்டு நல்லபடியாக முடிந்தன. மூன்றாவதில் மானம் போயிற்று.

ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவர் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் சாம்பல் பூனை. வயிற்றில் முடியை மழித்துக்கொண்டிருந்த என் ஜூனியர், எல்லோருக்கும் 'சின்ன டாக்டர்', "இங்க மெல்லிசா ஒரு கோடு தெரியுது டாக்டர். ஏற்கனவே பண்ணியிருப்பாங்களோ?" என்றாள். "தெருப் பூனை, எங்கயாவது கிழிச்சிட்டிருக்கும். கத்திய எடு" என்றேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது – அதுதான் காரணமா? இல்லை. நான் பார்க்காததை அவள் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

திறந்தால் உள்ளே கருப்பை இல்லை. சினைப்பையும் இல்லை. யாரோ எப்போதோ நேர்த்தியாக எடுத்திருக்கிறார்கள். இல்லாததை வெகுநேரம் தேடிவிட்டுத் தைத்து மூடினேன்.

டிரைவரிடம், "வெளிய இருந்து பாத்து எந்த டாக்டராலயும் இதச் சொல்ல முடியாதுங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அவர் எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 4, புதன்

தினமும் காலையில் நாய்களை எடைபோடும் மேடையைச் சுற்றி நின்று, டீ குடித்துக்கொண்டே வேலையைப் பிரித்துக்கொள்வோம். இன்று யாரும் பூனைப் பேச்சை எடுக்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன். "இனிமே மழிக்கிறவங்க அகலமா மழிங்க. தழும்பு கிழும்பு இருந்தா வாயத் திறந்து சொல்லணும்."

மழித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு டீயைப் பார்த்தாள். வரவேற்பில் இருக்கும் 'மைக்' – அவள் குரல் தெருமுனை வரை கேட்கும் – அவள்கூட வாய் திறக்கவில்லை. எந்த முரட்டு நாயையும் பிடித்து நிறுத்துகிற 'பிடி' அண்ணன், சுத்தமாக இருந்த மேடையைத் துடைக்க ஆரம்பித்தார்.

சொன்னாளே! அவ சொன்னாளே!

மார்ச் 6, வெள்ளி

"கிளினிக் எப்படிப் போகுது?" என்று சாப்பிடும்போது கேட்டார் என் வீட்டுக்காரர். "அமைதியா போகுது" என்றேன். "நீ இருக்கிற இடமா? ஏன், எல்லாரும் லீவா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவலி என்று எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 9, திங்கள்

சின்ன டாக்டரிடம் எதைச் சொன்னாலும் "சரி டாக்டர்". ஊசி அளவைக் கேட்டால் "நீங்க சொல்றதுதான் டாக்டர்". முன்பெல்லாம் நாலு கேள்வி கேட்டு உயிரை எடுப்பாள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது இந்த மரியாதை செருப்படி மாதிரி விழுகிறது.

மதியம் மைக் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, "சின்ன டாக்டர் மாசக் கடைசியோட நின்னுடப் போறாங்களாம். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க" என்று ரகசியம் சொன்னாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தது கண்ணாடி வழியே தெரிந்தது.

மார்ச் 12, வியாழன்

தூங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

கிழட்டு நாய் ஒன்று. இடது மேல் கடைவாய்ப் பல்லின் வேர் உடைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. வெளியே பார்க்க இரண்டு பக்கமும் ஒரே பற்காறை. மயக்கம் கொடுத்து மல்லாத்திப் போட்டிருந்தோம். மல்லாந்து கிடக்கும் நாயின் இடம் வலம் நமக்கு மாறித் தெரியும் என்பது கல்லூரிப் பாடம். நான் பல் நெம்புகோலை வலது பல்லில் வைத்துவிட்டேன். நல்ல பல்லில்.

அழுத்தப் போகும்போது எதிரே ஒரு கை என் மணிக்கட்டுப் பக்கம் வந்து, தொடாமல் நின்றது. நிமிர்ந்தேன். சின்ன டாக்டரின் கண்ணில் நீர். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பல்லைச் சரியாக எடுத்து முடித்த பிறகு, "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல டாக்டர். சொன்னாலும் தப்பு, சொல்லலன்னாலும் தப்புன்னா நான் என்னதான் பண்றது? ஒரு நிமிஷம் அந்த நாயவிட எனக்கு உங்க மேலதான் பயம் இருந்துச்சு. எனக்கே அசிங்கமா இருக்கு. மாசக் கடைசியோட நான் நின்னுக்கறேன்."

அசிங்கம் அவளுக்காம்! ஐயோ – அவளுக்கா?

மார்ச் 13, வெள்ளி

எடை மேடை. டீயைக் கையில் எடுக்கவில்லை. "பூனைக்குத் தழும்பு இருக்குன்னு சின்ன டாக்டர் சொன்னாங்க. நான் பாக்கல. அப்புறம் உங்க முன்னாடி பழிய அவங்க மேல போட்டேன். தப்பு என்னோடது." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நன்றாகப் பேசத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

பிடி அண்ணன், "டீ ஆறுது டாக்டர்" என்றார். சின்ன டாக்டர் இன்றைய கேஸ் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வேறெதையும் எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

மார்ச் 14, சனி

சாம்பல் பூனைக்குத் தையல் பிரிக்க டிரைவர் வந்தார். சொல்லாமல் அனுப்பியிருக்கலாம், தையல் அழகாக ஆறியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு விடவில்லை. தழும்பைச் சின்ன டாக்டர் காட்டியும் நான் குனிந்து பார்க்கவில்லை என்று சொன்னேன். வாங்கிய கட்டணத்தையும் திருப்பினேன்.

"அப்போ சும்மாவா இது வயித்தக் கிழிச்சீங்க?"

"ஆமாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "இனிமே இத அந்தச் சின்ன டாக்டரம்மாதான் பாக்கணும். நீங்க தொடக்கூடாது" என்றார். அறை முழுக்கக் கேட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கை கழுவப் போனேன்.

மார்ச் 20, வெள்ளி

இன்றும் "சரி டாக்டர்"தான்.

மார்ச் 27, வெள்ளி

ஒரு நாய்க்கு வயிற்றில் கட்டி. கத்தியை வைக்கும் நேரம், "நிறுத்துங்க!" என்றாள் சின்ன டாக்டர். சத்தமாகவே.

கத்தியைத் தட்டில் வைத்தேன். ஈறு வெளிறின மாதிரி இருக்கிறது என்றாள். விளக்கைத் திருப்பினோம். ஈறைப் பார்த்தேன், இதயத் துடிப்பைக் கேட்டேன், மயக்க மருந்து அளவையும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. விளக்கின் வெளிச்சம்தான் அப்படிக் காட்டியிருக்கிறது.

"சாரி டாக்டர், நான்தான்..."

"பாத்தாச்சு. ஆரம்பிக்கலாமா?" என்று அவளிடம் கேட்டேன். "ம்" என்றாள். அதன் பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

தையல் போடும்போது, தலை நிமிராமல், "அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு வேணும் டாக்டர். அக்காவுக்குப் பிரசவம்" என்றாள்.

அடுத்த மாதமா? வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, "எடுத்துக்கோம்மா" என்றேன்.