முப்பதுக்கு இருபத்து நான்கு

ஜூன் 3, செவ்வாய்

நூலக மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அறை என்றால், உடைந்த ஃபேன்களைப் போட்டு வைத்திருந்த இடம். அவற்றை மூலைக்குத் தள்ளிவிட்டு ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு பெட்டி டிஷ்யூ. அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ வளர்க்கிற பதின்வயதுப் பிள்ளைகள் வந்து மனம்விட்டுப் பேசலாம். கேட்பதுதான் என் வேலை. அறிவுரை கூடாது, உதாரணம் கூடவே கூடாது என்று பயிற்சியிலேயே மனநல ஆலோசகர் சொல்லிவிட்டார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் பேசுவதற்குச் சம்பளம் வாங்கினேன். இப்போது சம்பளமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

யாரும் வரவில்லை. நன்றாகக் கேட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் ஆள்! பதினைந்து வயதுப் பெண். கூடவே அவள் அப்பா, லிஃப்ட் மெக்கானிக், வேலை உடையோடு. அம்மா பிரிந்து போய் ஒன்றரை வருடமாம்.

"வீட்டுல இவளால ஒரு தொந்தரவும் இல்ல டீச்சர். இருக்கற இடமே தெரியாது. ஸ்கூல்லதான் உங்களப் போய்ப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க," என்றார்.

பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை ஏதாவதொன்றில் வட்டம் போட வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாமல் போட்டுக் கொடுத்தாள். கூட்டினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு டீச்சர்?"

"முப்பதுக்கு இருபத்திநாலு!"

"அட! கணக்குலகூட நீ இவ்வளவு வாங்கினதில்லையே!"

விழுந்து விழுந்து சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தானும் கொஞ்சம் சிரித்தாள். பொறுப்பான பிள்ளை. தாளின் தலையில் சிவப்பில் 'நன்று' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். கைப்பழக்கம்.

ஜூன் 12, வியாழன்

வியாழன்தோறும் ஆலோசகர் வந்து தாள்களைப் பார்ப்பார். இன்று இருந்தது ஒன்றே ஒன்று. பார்த்துவிட்டு அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"டீச்சர், இது மார்க் இல்ல. கூடக் கூட கஷ்டம் அதிகம்னு அர்த்தம். பதினஞ்சத் தாண்டினா அன்னைக்கே எனக்கு ஃபோன் பண்ணணும்னு சொன்னேனே?"

சொல்லியிருப்பார். நான் அப்போது பக்கத்து நாற்காலிக்காரருக்கு என் பழைய மாணவி ஒருத்தியை உதாரணம் காட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"கடைசிக் கேள்வியைப் படிச்சீங்களா?"

இல்லை. கூட்டினேன் — அவ்வளவுதான். 'நான் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது.' அந்தப் பிள்ளை இரண்டில் வட்டம் போட்டிருக்கிறாள். அதுக்கு மேல நான் 'நன்று' — ஐயோ, என்ன மனுஷி நான்? ரெண்டு நாள். ரெண்டு நாளா நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேனே!

கிடைத்த வண்டியில் ஏறி அவள் வீட்டுக்கு ஓடினோம். கதவைத் திறந்தது அவள்தான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 13, வெள்ளி

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை. ஆலோசகர் அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு அப்பாவும் வேலையிலிருந்து வந்துசேர, நால்வரும் சமையலறையில் உட்கார்ந்தோம். தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்," என்றாள். "தாள்லயே கீழ பொடி எழுத்துல போட்டிருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"அப்பா சிரிச்சாரு."

அப்பா தன் கையில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேலை செய்யற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே டீச்சர், என் பொண்ணு இருபத்திநாலுன்னு... லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, கதவு திறக்கற வரைக்கும் வெளிய நின்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பேன். உள்ள இருந்து சத்தம் வரலன்னாதான் பயம். வீட்டுல சத்தம் வரலன்னு நிம்மதியா இருந்திருக்கேன் பாருங்க."

நான் வாழ்நாளில் சொன்ன எந்த உதாரணமும் இதன் பக்கத்தில் நிற்காது.

"நான் ஒண்ணும் லிஃப்ட் இல்லப்பா," என்றாள் மகள். அதற்குமேல் முடியாமல் அழுதாள். அழுவதைக்கூடச் சத்தமில்லாமல் பழகி வைத்திருக்கிறாள்.

இன்று காலை மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். அப்பா விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

என்னை நிறுத்திவிடச் சொன்னேன். ஆலோசகர் கேட்கவில்லை.

"நீங்க இருக்கணும்னு அந்தப் பொண்ணே சொல்றா டீச்சர். இனிமே அட்வைஸ் பண்ண உங்களுக்குத் தைரியம் வராதாம்."

ஜூலை 8, செவ்வாய்

இன்று அந்தப் பெண் என்னிடம் நாற்பது நிமிடம் பேசினாள். என் பங்கு: பதினோரு 'ம்', ஒரு டம்ளர் தண்ணீர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆலோசகரைப் பார்க்க வாராவாரம் வருகிறாள். இன்று படியேறும்போதே சண்டை. அப்பா அவள் ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டாராம்.

"என்னைக் கேக்காம எப்படிப்பா எடுப்பீங்க? பெரிய துப்பறியும் சிங்கமா நீங்க?"

"பயந்துட்டேன்மா—"

"பயந்தா கேளுங்க! வாய் இருக்குல்ல?"

கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். நூலகர் 'உஷ்' என்றார். அவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.

அப்பா மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திட்டிட்டா டீச்சர்," என்றார். "நல்லாத் திட்டிட்டா."

முகமெல்லாம் சிரிப்பு.

கதவைச் சாத்துகிற பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொல்லி முப்பத்து நான்கு வருடம் கடிதம் எழுதியவள் நான். இறங்கிப் போய் நூலகரிடம், இனி கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.