மலையில் வாசித்தது

ஓகஸ்ட் 6, புதன்

காலையிலிருந்தே வெக்கை. கிணற்று நீர்கூடச் சூடு. சோளகக் காற்று புழுதியை அள்ளி வந்து கொடியில் கிடந்த உடுப்பு முழுக்கப் பூசிவிட்டது. மறுபடியும் அலசல்.

பயணச் சாமான்: தேசிக்காய், உப்பு, சவர்க்காரத் துண்டு (அட்டைக் கடிக்கு). மழைக்கோட்டு. அண்ணையின் தடி. பிஸ்கற். வலி மாத்திரை. எங்கள் தொடர்கதையின் ஆறாம் புத்தகம், அதுதான் கடைசி, பொலித்தீன் பைக்குள், அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன் பை.

பாமசியில் லீவு கேட்டதற்கு முதலாளி முகத்தைச் சுளித்தார். பக்கத்து வளவு மாமிக்கு அதைவிடக் கோபம். நல்லூரில் கொடி ஏறியிருக்கிற நேரம் கோயிலுக்குப் போகாமல் மலைக்குப் போகிறோமாம், அதுவும் கண் தெரியாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. பிள்ளைக்கு வயது நாற்பது.

அண்ணைக்குப் புழுகம், ஒரே சந்தோசம். ரியூசன் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டான். ஏ.எல். பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பிக்கிற மனிதன், புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்து பார்க்கிறான். கண் போகுமுன் அவன் மலை பார்த்ததில்லை. கொக்குவிலில் ஏறுவதற்கு மொட்டை மாடிதான் உண்டு. "மலை எண்டால் என்னெண்டு காலுக்காவது தெரியவேணும்" என்கிறான். ஐந்தாம் புத்தகத்தில் கதாநாயகி தாரை மலை ஏறுகிற இடம் வந்தபோது பிடித்த ஆசை.

உச்சியில் இருந்து கடைசி அத்தியாயம் வாசிப்பது என்று ஒப்பந்தம். நானும் அந்தப் பக்கங்களை இன்னும் திறக்கவில்லை. அவன் பார்வையை இழந்த வருடம் தொடங்கிய கதை. புத்தகம் ஆங்கிலம், நான் பார்த்துப் பார்த்து எங்கள் தமிழில் சொல்லுவேன். தாரை என்பது நான் வைத்த பெயர், மூலப்பெயர் வாயில் நுழையாது. வாசல் காக்கிற அந்தப் பயங்கரமான ஆள் எங்கள் வீட்டில் "படலைக்காரன்". எங்கள் இரண்டு பேரைத் தவிர இந்தப் பெயர்கள் எவருக்கும் தெரியாது. நான் வேலைக்குப் போகிற நேரம் கேட்பதற்காக முதல் ஐந்து புத்தகங்களையும் என் குரலில் அவனுடைய போனில் பதிந்தும் கொடுத்திருக்கிறேன்.

வீசா வந்ததை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. கலியாணம் கட்டியும் குமரன் நோர்வேயில், நான் இங்கே. அவர் தினமும் கேட்கிறார், சொல்லிவிட்டாயா என்று. உச்சியில் சொல்லுவேன், கதை முடிந்த பிறகு. பாமசியின் பின்னறையில் மருந்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினேன்.

"அண்ணை, நான் ஒக்ரோபரிலை போறன். அங்கையிருந்தும் உனக்கு வாசிச்சு அனுப்புவன்."

பெட்டிகள் ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

மாத்தளைக்கு மேலே ஒரு சிற்றூர். பஸ்ஸில் வந்த களை. வழிகாட்டி செல்வா வீட்டிலேயே அறை. முப்பது வயது மதிக்கலாம், அதிகம் பேசாத ஆள். அவருடைய மனைவி ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தார். அண்ணை நாலு ரொட்டி.

மலை ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. எப்படி இருக்கிறது என்று அண்ணை கேட்டான். பெரிது என்றேன். "உது பதிலே?" என்றான். பிறகு, அடியில் தேயிலை, நடுவில் காடு, மேலே மஞ்சள் புல், அதற்கு மேல் கல், என்று சொன்னேன். திருப்தி.

இங்கே குளிர்கிறது. ஓகஸ்டில் குளிர். மாமி நம்பமாட்டா.

ஓகஸ்ட் 10, ஞாயிறு, காலை

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. மறக்குமுன் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் புறப்பட்டோம். செல்வா முன்னால், நீளத் தடியின் ஒரு முனையைப் பிடித்தபடி. மறுமுனை அண்ணையின் கையில். பின்னால் நான். காட்டுக்குள் கைவிடப்பட்ட ஏலத் தோட்டம், வாசத்தை வைத்தே அண்ணை கண்டுபிடித்தான். அட்டைகள். என் காலில் இரத்தம், அவனுக்கு ஒன்றுகூட ஏறவில்லை, அதற்கொரு சிரிப்பு. பிறகு புல்வெளி. செங்குத்து. வெயில் முதுகில் அறைந்தது. பத்தடிக்கு ஒரு தடவை நான் நின்றேன். அண்ணை நிற்கவே இல்லை. தொடை நடுங்க நடுங்க ஏறினான். "இப்ப விளங்குது, தாரை ஏன் அழுதவள் எண்டு" என்றான். அவ்வளவு சந்தோசமாக அவனை நான் பார்த்ததில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே என் சப்பாத்தின் அடி கழன்றது. அதே நேரம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முன்னால் போனவர்கள் மறைந்துவிட்டார்கள். நான் கூப்பிட, செல்வா அண்ணையை ஒரு கல்லில் இருத்திவிட்டு இறங்கி வந்தார். அசையாமல் இருக்கச் சொன்னாராம், அண்ணையும் ஓம் என்றானாம். சப்பாத்தைக் கயிறு போட்டுக் கட்டினோம். அதிக நேரம் இல்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

மேலே போனால் கல் இருக்கிறது, தடி கிடக்கிறது, ஆள் இல்லை.

கூப்பிட்டேன். எதிரொலிகூட இல்லை, பனி குரலை அப்படியே விழுங்கியது. செல்வா புல் மிதிபட்ட வழியைப் பார்த்துப் பார்த்துப் போனார். கொஞ்சத் தூரத்தில் அண்ணை. தரையில் இருந்து, இரண்டு கையாலும் புற்பற்றையைப் பிடித்துக்கொண்டு. அவன் காலுக்கு முன்னால் நிலம் இல்லை. வெறும் வெள்ளை.

"அண்ணை" என்று கிட்டப் போனேன். உடம்பு முழுக்க உதறிப் பின்னுக்குச் சரிந்தான்.

"கிட்ட வராதை."

என்னை நோக்கி அவன் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. செல்வாவைக் கேட்டான், உதில் நிற்பது யார் என்று. தங்கச்சிதான் என்றார் அவர். இரண்டாம் தடவையும் கேட்டான். பிறகு கையை நீட்டினான். என் மணிக்கட்டைத் தடவி, விரல்களைத் தடவி, நாடி பார்ப்பதுபோல் நெடுநேரம் பிடித்திருந்தான். அதற்குப் பிறகுதான் எழும்பினான்.

தன் காதில் என்ன விழுந்ததென்று அண்ணை செல்வாவிடம் சொல்லத் தொடங்கினான். செல்வா கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணைக்குக் கண் தெரியாதென்று நினைவு வந்து, வாயால் சொன்னார்.

"ரோட்டுக்குப் போற வரைக்கும் ரெண்டு பேரும் பேசாதீங்க. கீழ போய்ப் பேசிக்கலாம்."

உச்சிக்குப் போகவில்லை. வந்த வழியாலும் இறங்கவில்லை, சுற்றுப்பாதை. முழுத் தூரமும் மூன்று பேரும் ஊமை. அண்ணை என் கையை விடவே இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

செல்வா வீட்டு வாசலில் இருந்து அண்ணை சொன்னது:

கல்லில் இருந்தபோது நான் வந்து பக்கத்தில் நின்று கடைசி அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினேனாம். செல்வா எங்கே என்று அவன் கேட்க, வருகிறார் என்றேனாம். அதே குரல், அதே தமிழ். தாரை என்றேனாம். படலைக்காரன் என்றேனாம். வாசித்துக்கொண்டே நான் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க, கேட்காமல் போகுமே என்று அவனும் எழும்பிப் பின்னால் வந்தானாம். கதையின் கடைசி வரியும் முடிந்தது. அதற்குப் பிறகு, "வாங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்றேனாம்.

"நீ எனக்கு வாங்கோ எண்டு ஒருநாளும் சொன்னதில்லை" என்றான். "நீ எண்டுதானே கதைக்கிறனீ. அதிலைதான் நிண்டனான். நிண்டு இருந்திட்டன்."

அது போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்லை. பக்கத்திலைதான் நிண்டது. அப்பதான் யோசிச்சன், முழு அத்தியாயமும் வாசிச்சது, ஒருக்காலும் மூச்சு எடுக்கேல்லை."

செல்வாவின் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஓகஸ்ட் 11, திங்கள்

கொக்குவில். நேற்றிரவே வந்துவிட்டோம். கால் இரண்டும் விறகுக்கட்டை. வேலைக்குப் போய் நின்றபடி ஆட்களுக்கு மருந்து கட்டிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் நடந்ததை எழுத வேண்டும். வவுனியா தாண்டியதும் அண்ணை, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே,

"வீசா வந்து எத்தினை நாள்?"

யார் சொன்னது என்று கேட்டேன். மாமி என்று நினைத்தேன். மாமிக்கும் தெரியாதே.

"நீதான் சொன்னனீ. கதைக்கு நடுவிலை நிப்பாட்டிச் சொன்னனீ." பிறகு திருத்தினான். "அது சொன்னது. ஒக்ரோபரிலை போறன், அங்கையிருந்தும் உனக்கு வாசிச்சு அனுப்புவன் எண்டு."

ஒரு சொல் பிசகவில்லை. பின்னறையில், பெட்டிகளுக்கு முன்னால் நான் சொன்ன அதே சொற்கள்.

போகத்தான் வேண்டும், அதிலே கேள்வி இல்லை, என்றான். தனக்குச் சமைக்கத் தெரியும், மாமி பக்கத்தில், ரியூசன் பிள்ளைகள் வருவார்கள். எல்லாம் ஒழுங்காக, வகுப்பில் நிறுவுகிற மாதிரி. நான் அழுதேன். முன் சீற்றில் இருந்த மனுசி திரும்பிப் பார்த்தா.

ஓகஸ்ட் 13, புதன்

வெயில். மின்சாரம் இரண்டு மணித்தியாலம் இல்லை.

அண்ணை என் பதிவுகளைப் போடுவதில்லை. முந்தியெல்லாம் நான் வேலை முடிந்து படலையைத் திறக்கும்போதே என் குரல் உள்ளேயிருந்து வரும். இப்போது வீடு அமைதி. ஏன் என்று கேட்டேன். "பிறகு பாப்பம்" என்றான். சாப்பிட்டானா என்று குசினியில் சமைத்தபடி கேட்டால் பதில் வராது. கிட்டப் போய்க் கையைத் தொட்டுக் கேட்டால் உடனே சொல்லுவான்.

குமரனுக்கு நடந்ததை எல்லாம் போனில் சொன்னேன். களைப்பும் உயரமும் சேர்ந்தால் அப்படித்தானாம், காது ஏமாற்றுமாம். இருக்கலாம். வீசாக் கதை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நித்திரையில் உளறியிருப்பாய் என்றார். அதுவும் இருக்கலாம்.

நான் நித்திரையில் உளறுகிறேனா என்று யாரிடம் கேட்பது.

ஓகஸ்ட் 16, சனி

இன்று முடித்தோம்.

பகல், முன்விறாந்தை, வெளிச்சம் முழுக்க. அண்ணைதான் கேட்டான், வாசிப்பம் என்று. என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். புத்தகத்தை மடியில் வைத்து வலது கையால் தாள் புரட்டினேன்.

அவன் முன்பே கேட்ட கதை. எனக்குத்தான் புதிது. தாரை கடைசி வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு பறவை. இதுவரை ஆறு புத்தகத்திலும் வராத பறவை, ஆங்கிலத்தில் ஏதோ கட்டிய பெயர். தமிழில் என்ன சொல்லலாம் என்று நிறுத்தினேன். நாக்கு நுனியில் ஒரு சொல் வந்தது.

"கூவாக்குயில்" என்றான் அண்ணை.

அதுதான். நான் சொல்ல இருந்தது அதேதான்.

புத்தகத்தை மூடிவிடலாம் என்று நினைத்தேன். அவன் கையை இறுக்கினான், வாசி என்று. வாசித்தேன். படலைக்காரன் வழிவிட்டு நிற்கிறான். தாரை உள்ளே போகிறாளா, திரும்புகிறாளா என்றுதான் இத்தனை வருடமும் சண்டை பிடித்தோம். போகிறாள். பின்னால் கதவு சாத்துகிறது. வெள்ளைத் தாள். முடிந்தது.

மரணவீட்டுக்குப் போய்வந்த மாதிரி. இனி எந்தப் புத்தகக் கடையிலும் தேட ஒன்றும் இல்லை. என் இருபதுகள் முழுக்க அந்த ஆறு அட்டைகளுக்குள்.

அதுவும் இப்படித்தான் முடித்ததா என்று கேட்டேன்.

"ஓம். ஆனால் இவ்வளவு நல்லா வாசிக்கேல்லை. நீ இடையிலை மூச்சு வாங்கிறாய், எச்சில் விழுங்கிறாய், கடைசியிலை குரல் உடைஞ்சுது. அது நல்லாயிருந்தது."

பின்னேரம் அப்பம் சுட்டேன். அண்ணை பழைய மாதிரி மாமியைப் பகிடி பண்ணினான். எனக்கு நிம்மதி. பிளேன் ரிக்கற் போடச் சொல்லிக் குமரனுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ரிக்கற் வந்தது. ஒக்ரோபர் நடுப்பகுதி. அண்ணையிடம் சொன்னேன், நல்லது என்றான்.

வேலை முடிந்து வரும் வழியில் சந்தி பேக்கரியில் பாண் வாங்க நின்றேன். இனிமேல் போனில்தானே எல்லாம், இப்போதே பழகட்டும் என்ற நினைப்பு. வீட்டுப் போனுக்கு எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே தூக்கினான்.

"அண்ணை, நான். பாண் வாங்கட்டோ, இடியப்பமோ?"

அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான், வாசுகி."

மறுபடியும் மின்விசிறி. பிறகு, வேற்று ஆளுடன் பேசுகிற பண்பான குரலில்,

"தங்கச்சி வெளியிலை போயிட்டா. வந்தாப்பிறகு எடுங்கோ."

வைத்துவிட்டான்.

பேக்கரிக்காரர் பாணைச் சுற்றி நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். ரெயில் கடவையில் மறித்திருந்தார்கள், யாழ்தேவி போகும்வரை நின்றேன். போனைத் திரும்ப எடுக்கவில்லை.

அண்ணை விறாந்தைக் கதிரையில். பாணை மேசையில் வைத்துவிட்டுப் போய் அவன் கையைப் பிடித்தேன். உடனே முகம் மலர்ந்தது. வந்திட்டியே என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் இல்லாத நேரம் ஒருத்தி போன் எடுத்ததாகச் சொன்னான். அச்சு அசல் என் குரலாம்.

"அண்ணை, அது நான்தான்."

என் கையை விடாமலே தலையை ஆட்டினான்.

"ஓம். அதுவும் உப்பிடித்தான் சொன்னது."