கூவி கைமாறிய பிறகு

மார்ச் 3, காலை 9:10
செவ்வாய், தெற்குச் சரிவு நிலையம். பொறுப்பு: ஜெசிந்தா, மண்ணியல் ஆய்வாளர். தனியாள். காற்று சீர். தண்ணீர் சீர். புதிய துளையில் உப்புப் படிவம் கிடைத்தது.
பூமிச் செய்தி: இணைய அழைப்புச் சேவையான கூவியை வெல்டோரா நிறுவனம் வாங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேர் கூவியில்தான் பேசுகிறார்கள். இந்த நிலையத்தின் குரலும் எழுத்தும் போவதும் அதன் வழியாகத்தான். "சேவையில் எந்த மாற்றமும் இராது" என்கிறது அறிவிப்பு.

மார்ச் 9, மாலை 5:30
மாற்றம் வந்துவிட்டது. இங்கிருந்து ஒரு சொல் பூமியைத் தொடப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இன்று அமலதாஸ் உடனுக்குடன் பதில் சொன்னார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர்.
"சாப்பிட்டியாட்டி? குரல் ஏன் கம்மிக் கெடக்கு?"
அது அவர் அல்ல. அவர் என்ன சொல்வார் என்று கணித்து வெல்டோராவின் இயந்திரம் அவர் குரலில் பேசுகிறது. என் உண்மையான பேச்சு பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுமாம். தெரிந்தும் ஒரு மணி நேரம் பேசினேன். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 15, காலை 8:00
ஆக்சிஜன் கருவியின் பம்ப் இரைகிறது. மாற்று பம்ப், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் சரக்குக் கலத்தில். அதை இறக்கும் கட்டளை பூமியிலிருந்து வர வேண்டும். கூவியில் திட்ட மையத்திடம் சொன்னேன்.
"கவலைப்படாதீங்க ஜெசிந்தா. ஏற்பாடு நடந்துட்டிருக்கு."
பதில் உடனே வந்தது. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 18, பகல் 11:45
கலம் இறங்கவில்லை. பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது. கூவியின் அனுப்பு வரிசையைத் திறந்து பார்த்தேன். புது ஏற்பாடு வந்த நாளிலிருந்து என் பேச்சு ஒன்றுகூட வெளியே போகவில்லை. எல்லாம் இயந்திரம் என் குரலைப் பழக, 'குரல் மாதிரி' என்ற கோப்புறையில் கிடக்கிறது.
பெறும் வரிசையில் அமலதாஸ் பேசிய பதிவு ஒன்று அடைபட்டிருந்தது. இது நிஜமாகவே அவர்.
"ஜெசி, நேத்து நீ பேசினது நல்லாத்தான் இருந்துச்சு. எதுக்கெடுத்தாலும் சரிங்க, சரிங்கன்ன. நீ என்னைக்குட்டி நான் சொன்னதுக்குச் சரின்னுருக்க? அங்க பேசுறது நீதானா?"
அங்கேயும் ஒரு ஜெசிந்தா பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மூச்சுத் திணறாது.

மார்ச் 19, காலை 10:20
பம்ப் நின்றுவிட்டது. விண்ணுடையில் மிச்சமிருக்கும் காற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைவலி.
நிலையத்தின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஒலிபரப்பி கூவியைச் சேராதது. அதில் அனுப்பச் சில சொற்களே அடங்கும்; பெறுவதற்கு அளவில்லை. அனுப்பிவிட்டேன்:
"பம்ப் நின்றது. கலம் இறக்குக. கூவியில் பேசுவது நான் அல்ல."

மார்ச் 19, பகல் 11:30
பதில் வந்தது. ஒலிபரப்பியிலேயே. மனிதர் எழுதியது.
"ஜெசிந்தா, உங்கள் ஒலிபரப்பி தவறான செய்தி அனுப்புகிறது. சந்தேகத்துக்குக் கூவியில் உங்களிடமே கேட்டோம். நலம் என்று சிரித்தீர்கள். மகிழ்ச்சி. ஒலிபரப்பியை இங்கிருந்தே அணைக்கிறோம். உங்கள் கணவர் மட்டும் நம்பாமல் மைய வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். தயாபரன், பணி அலுவலர்."
விளக்கு அணைந்துவிட்டது. ஒலிபரப்பியின் விளக்கு.

மார்ச் 19
நேரம் தெரியவில்லை. கண் மங்குகிறது
அமலதாஸ், எழுந்து போயிடாதீங்க. அவங்க முன்னாலயே, கூவியில பேசுற அவள வாய்க்கு வந்தபடி ஏசுங்க. அவ பதிலுக்கு ஏச மாட்டா. அத அவங்களக் கேக்கச் சொல்லுங்க. நான்னா இந்நேரம் உங்கள