சியோலில் நான் கண்ட இலையுதிர்காலம்

மகனே,

“அப்பா, அரண்மனைத் தோட்டம், ஆத்தங்கரை எல்லாம் பாருங்க, அஞ்சு மணிக்கு முன்னாடி வந்துடாதீங்க” என்று இலையுதிர்காலக் காட்சிகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தாயே! மீன் விற்ற இந்தக் கைகளை மறைக்கவா ஊர் சுற்ற அனுப்பினாய்?

அரண்மனைச் சுவரோரம் மஞ்சள் இலைகளை மிதித்து நடந்தேன். குளிருக்கு ஒதுங்கிய உணவகத்தில் உன்னைக் கண்டேன். எதிரே பெண் வீட்டார் அமர்ந்திருந்தனர். உன்னருகே, தந்தைக்குரிய இருக்கையில், நீ கூலிக்கு அமர்த்திய கோட்டுக்காரன்!

“எம்மவன் சின்ன வயசுலேருந்தே எதையும் மிச்சம் வைக்க மாட்டான்!” என்று சிரித்து, உன் தட்டில் நண்டை வைத்தான். நண்டு தின்றால் உன் தொண்டை வீங்கும். அது தெரியாதவனா தகப்பன்? நீயோ, என்னைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினாய்!

அந்த வீக்கத்துக்கென இருபதாண்டாய்ப் புதிது புதிதாய் வாங்கி என் பையில் வைத்திருக்கும் மருந்தைப் பரிமாறுபவளிடம் கொடுத்தனுப்பியவன் நான்தான். திருமணத்தன்று அதை உன் புதுத் தகப்பனிடம் கொடுத்துவை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்