மீன் பெட்டியில் போன ரத்தம்

மகன் குணசேகரனுக்கு, வல்லத்திராக்கோட்டையிலிருந்து உன் அம்மா பொன்னுத்தாய் எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம் என்று பொய் எழுத மாட்டேன். பயப்படும்படியும் இல்லை. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். முழுவதும் படி.

என் வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இருக்கும் கட்டி உனக்குத் தெரியும். சதை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது என்று திருச்சி டாக்டரே தயங்கினார். கட்டியிலிருந்து உதிரும் துணுக்கை ரத்தத்தில் தேடிப் பார்க்கலாமா என்று கேட்டது யார் தெரியுமா? உன் பெண்டாட்டி அருணாதான். எல்லோருக்கும் சரிவராது, இவருக்குச் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் அசந்துபோனேன்.

எனக்கு அலைச்சல் வேண்டாமென்று, புதுக்கோட்டையில் தான் வேலை பார்க்கும் லேப்பிலேயே அருணா ரத்தம் எடுத்தாள். திருச்சிக்குக் கொண்டுபோக உன் அப்பாவிடம் கொடுத்து, ஐஸ் மட்டும் வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மனிதர் கேட்டாரா? பங்குனி வெயிலில் கண்மாய் மீனே தாங்காது, ரத்தம் எப்படித் தாங்கும் என்று மீன் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு போய்விட்டார். குளிரில் ரத்த அணுக்கள் உடைந்து கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று முழுக்க அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

நானாக இருந்தால் விளாசியிருப்பேன். அருணா, "மாமா, அத்தை ஒடம்புல இன்னும் ரத்தம் இருக்கு. சாப்புட வாங்க" என்றாள். மறுநாள் திரும்ப எடுத்து, கைப்பையில் வைத்துத் தானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தாள்.

லிம்போமாவாம், நிணநீரில் வரும் புற்றுநோய். எந்த வகை என்றும் தெரிந்தது, ஸ்கேனோடும் ஒத்துப்போனது. இரண்டு தடவை மருந்து ஏற்றியாயிற்று. முடி கொட்டுகிறது, வலி குறைந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார் என்று அவளிடம் சொன்னாயாமே. ராஜினாமாக் கடிதம் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். விளக்கேற்றப் போனபோது பார்த்தேன், கேட்ட பிறகுதான் நீ சொன்னதைச் சொன்னாள். எனக்குக் கஞ்சி வைக்க உன் அப்பா பழகிவிட்டார், உப்புதான் கூடுகிறது.

என் நோயைக் கண்டுபிடித்தது என் மருமகள்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், இருக்கட்டும். அவள் எழுதியதை இத்தோடு வைத்திருக்கிறேன். உன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்யப்பா.

நீயும் அவளும் நன்றாயிருக்க வேண்டும். அதைப் பார்க்க நானும் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பொன்னுத்தாய்