ஞாபகம் இல்லை என்று நீ சொன்னது

இன்று காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் அம்மா வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பிரித்துக் குப்பியை வெளியே எடுத்து, மறுபடி என்னிடமே நீட்டினார். "இதோட மூக்குல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்கண்ணே, எனக்குச் சரியா வராது" என்றார். டிராயரில் குண்டூசி இருக்கிறது. கை அதுவரைக்கும் போய்விட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

"அதெல்லாம் நாங்க செய்யறதில்லம்மா. மூடியை நல்லா அழுத்தித் திருகுங்க, உள்ள இருக்கற முள்ளே குத்திக்கும்" என்றேன். குரல் கடுகடுவென்று வந்துவிட்டது. "இதுக்குப் போய் ஏன் எரிஞ்சு விழறீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் படியிறங்கினார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அவர் போன பிறகு உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. நீ இருந்தபோது பேசியிருக்க வேண்டியது. "மருந்துக்கடைக்காரன்ல, எக்ஸ்பயரி ஆனப்புறம்தான் எதையும் எடுத்துப் பாப்பான்" என்று என்னை நீ எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பாய். அப்போது சிரித்தேன். இப்போது இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வாங்கிய குப்பிகளுக்கெல்லாம் நான்தான் ஓட்டை போட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை நடை அந்த டவுன் பஸ்ஸை ஓட்டினாயோ, அத்தனை நடைத் தூசியும் உன் கண்ணில்தான் விழுந்தது. ஷிப்ட் முடிந்ததும், வடக்கே ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போக வேண்டியவன் நேர் எதிராகப் பைக்கைத் திருப்பிக்கொண்டு பாலக்கரையில் என் கடைக்கு வருவாய். டீ வாங்கிவரச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நமக்குள் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. கிளம்பும்போது, "அருளு, அந்தக் கண்ணு மருந்து ஒண்ணு குடு" என்பாய். அட்டை உனக்குப் பிடிக்காது, காக்கிச் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் நானே அட்டையைப் பிரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, குண்டூசியால் குப்பியின் மூக்கில் ஒரு குத்துக் குத்தி, மூடி போட்டு உன் பையில் செருகிவிடுவேன். பில் போட்டதில்லை. உனக்குப் பில் போடுவதா? அது மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

டாக்டர் சீட்டு கேட்காத மருந்துதான் அது. கண் உலர்ந்து போகாமல் இருக்க யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன். யாரும் குறை சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை நீ கடைக்கு வரவில்லை, போன் செய்தாய். "வலது கண்ணுல மண்ணைப் போட்டுத் தேச்ச மாதிரி இருக்குடா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், எனக்காகத்தான் எழுதுகிறேன். "தூசிதான்டா. அதே சொட்டை நாலு வேளையா போடு, திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்றேன். நீயும் போட்டாய். டாக்டர் சொல்லியிருந்தால்கூட ஒரு வேளை மறந்திருப்பாய், நான் சொன்னதை மறக்கவில்லை.

திங்கட்கிழமை உன் மனைவி உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நானும் ஓடி வந்தேன். கருவிழி முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கண்ணிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள், உன் பையிலிருந்த குப்பியையும் வாங்கி அனுப்பினார்கள். இரண்டிலும் ஒரே கிருமி. டாக்டர் அதைச் சொன்னபோது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வேறு யாராவது என்றால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கருவிழி மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. உன் லைசென்ஸும் அதோடு போனது. பஸ் முதலாளி நல்லவர், உன்னைச் சத்திரம் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நிறுத்தினார். வருகிற வண்டியின் நம்பர் உனக்குச் சட்டென்று பிடிபடாது. கண்டக்டர்கள் தாங்களாகவே நம்பரைக் கத்திக்கொண்டு இறங்குவார்கள். நீ அதைக் கேட்டு நோட்டில் எழுதுவாய். ஒரு நாள் தூர நின்று அதைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து மருந்து வணிகர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கம்பெனியின் அந்த பேட்ச் சொட்டு மருந்தை யாரும் விற்க வேண்டாம், மிச்சம் இருப்பதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று. வேறு ஊர்களிலும் சிலருக்குக் கண் போயிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். என் கையில் பிரிக்காத குப்பிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. கடிதம் சொன்னபடி அன்றைக்கே மூட்டை கட்டி அனுப்பினேன். ஒன்றையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றவில்லையா, வேண்டாம் என்றே விட்டேனா, இன்று வரை எனக்கே பிடிபடவில்லை.

உன் வக்கீலம்மா கெட்டிக்காரி. கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்றாள். அட்டை இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேட்டாள். குப்பியில் ஒட்டியிருந்த காகிதம் உன் சட்டைப் பை வேர்வையில் ஊறி, பேட்ச் நம்பர் தேய்ந்து போயிருந்தது. "அப்ப கடையையும் எதிர்த்தரப்பா சேர்த்துடலாங்க. அவங்க இந்த பேட்ச்தான் வித்தோம்னு சொன்னாலே நமக்குப் பலம்" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், உன் சிநேகிதனாக. கடைக்காரன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

"கடையெல்லாம் வேணாம்மா. கம்பெனி செஞ்ச தப்புக்குக் கடைக்காரன் என்ன பண்ணுவான்? கம்பெனி மேல மட்டும் போடுங்க" என்று நீ சொன்னாய்.

வெளியே வந்து படியில் நின்றபோது, "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "உன் கடைக்கு இன்ஸ்பெக்டர் வருவான், லைசென்ஸைத் தோண்டுவான். ஒரு வீட்ல லைசென்ஸ் போனது போதும்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த மருந்தோடு எனக்கு வந்த சரக்குச் சீட்டு கடை அலமாரியில் இருந்தது. அதில் பேட்ச் நம்பர் பளிச்சென்று இருந்தது. அந்த மாதம் வேறு எந்த பேட்ச்சும் நான் வாங்கவில்லை. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய், 'விற்றது நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வழக்கு நின்றிருக்கும். லைசென்ஸ் பயம் மட்டும் என்றால் எப்படியாவது தைரியத்தை வரவழைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேறொரு பயம் இருந்தது, உன்னிடம்கூடச் சொல்லாதது. அந்தக் கிருமி கம்பெனியிலிருந்து வந்ததா, இல்லை என் டிராயரில் தூசியோடு தூசியாகக் கிடந்த குண்டூசியிலிருந்து வந்ததா? மற்ற ஊர்க்காரர்களுக்கு நான் ஓட்டை போடவில்லை, அதனால் கம்பெனிதான் என்று புத்தி சொல்லும். அந்தப் புத்தி பகலில் கடையில் ஆள் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்.

விசாரணை நாளில் நீ வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாய். செயற்கைக் கண் வைத்த பிறகு கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நீ வெளியே வந்ததில்லை, அன்று அதையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாய். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். கம்பெனி வக்கீல் சத்தம் போடாத மனிதர். குப்பியின் போட்டோவைக் காட்டி, "மூடியின் முள்ளால் இந்தத் துளை விழவில்லை. யாரோ ஊசியால் குத்தியிருக்கிறார்கள். மருந்து கெட்டது அதற்குப் பிறகுதான்" என்றார்.

ஆணையத்தின் தலைவர் உன்னைப் பார்த்து, "யார் குத்தினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். வீட்ல, சேஃப்டி பின்னால" என்றாய்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"பல கடைல வாங்குவேன் சார். அது எந்தக் கடைன்னு ஞாபகம் இல்ல."

உனக்கா ஞாபகம் இல்லை? எந்த ஸ்டாப்பில் எந்தப் பாட்டிக்கு முழங்கால் வலி, யாருக்குப் படி ஏற நேரம் கொடுக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு முன்னால் உன் வண்டியில் குடையை விட்டுப் போனவர் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார், எல்லாம் தெரிந்தவன் நீ. உன் வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பதிலோடு வழக்கு முடிந்தது என்று புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்துதான் இருக்கும். எழுந்து நிற்க எனக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். நான் கோழை. இதைவிட நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

வாங்கியதற்கு ஆதாரம் இல்லை, பேட்ச் தெரியவில்லை, ஊசியால் துளைத்ததாக மனுதாரரே ஒப்புக்கொள்கிறார் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் முன்னால் வந்த உண்மை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆற்றைத் தாண்டி உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது எத்தனை வருஷப் பழக்கம். அதை நிறுத்தினேன். காந்தி மார்க்கெட்டில் வேலை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, எதையாவது சொன்னேன். சத்திரத்தில் பஸ் ஏற வேண்டுமென்றால் நீ நிற்கும் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனேன். நீ இரண்டு தடவை போன் செய்தாய். ஒரு தடவை எடுத்தேன். "கடைல கூட்டம்டா, அப்புறம் பேசறேன்" என்றேன். கடையில் அப்போது ஒரு ஈ, காக்காய்கூட இல்லை.

மூன்றாவது மாதம் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னார்கள். உன்னை எடுத்துப் போகும்போது நான் உன் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். உன் ஒன்றுவிட்ட தம்பி, "உள்ள வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தான். போகவில்லை.

இன்று மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். அந்தச் சரக்குச் சீட்டும் கையோடு இருந்தது. உன் மனைவி கதவைத் திறந்ததும், "வாங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்று கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூசி, போனில் நான் சொன்ன யோசனை, திருப்பி அனுப்பிய குப்பிகள், கடைசி பெஞ்ச், ஒன்றையும் விடவில்லை. மேல்முறையீடு செய்யலாம், நான் வந்து பிரமாணப் பத்திரம் கொடுக்கிறேன், கடையையும் சேர்க்கட்டும், என்ன வந்தாலும் வரட்டும் என்றேன்.

சீட்டை வாங்கி மடி மேல் வைத்துக்கொண்டாள். "வக்கீலம்மாவை முன்னாடியே கேட்டேங்க. கெடு முடிஞ்சுடுச்சாம். ஏன் தாமதம்னு காரணம் எழுதினா ஒருவேளை எடுத்துக்குவாங்களாம்" என்றாள்.

"நான்தான் காரணம்னு எழுதச் சொல்லும்மா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"நீங்கதான் குத்திக் குடுத்தீங்கன்னு அவரு எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாருண்ணே. கேஸ் போனதுக்கும் அவரு பெரிசா வருத்தப்படல. ஞாயித்துக்கிழமை ஆனா மட்டும் சாப்பிட உக்காராம வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. 'அருளு ஏன் வர மாட்டேங்கறான்? அன்னிக்கு அங்க நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?'ன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாரு. நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் எதுவும் என் கண்ணில் படவில்லை. வழக்கு இனி எப்படிப் போனாலும் போகட்டும். ஜெயித்தாலும் அது உன் வீட்டுக்குத்தான், எனக்கு அதில் விடுதலை கிடையாது. எனக்கென்று மிஞ்சியது உன்னுடைய அந்த ஒரு கேள்விதான், அதை வைத்துக்கொண்டுதான் இனி நான் இருக்க வேண்டும். இல்லைடா. நீ எதுவும் தப்பாகச் சொல்லவில்லை. நீ போன் செய்த அன்றைக்கே இதை நான் சொல்லியிருக்கலாம், கடையில் ஒருவருமே இல்லை.