மரம் மட்டும் தெரியட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நீ இரண்டு தரம் சிரித்தால் என் கோபம் கரைந்துவிடும். அதனால்தான் கடிதம். இதைச் சிரித்து மழுப்ப முடியாது.

முதலில் நல்ல செய்தி. மந்தாரை பூத்துவிட்டது, உனக்கும் தெரியும். ஆனால் அது பூத்த கதை உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நீதான் சொன்னாய்: "புல்லெல்லாம் எடுத்துடு அக்கா. தண்ணி கேக்காத தோட்டமாப் போடு. நடுவுல ஒரே ஒரு பூமரம் போதும்." ஒன்பது நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் அக்கா குடம் தூக்கிக் கஷ்டப்படக் கூடாது என்று தம்பி நினைக்கிறான் என்று எனக்கு ஒரே பெருமை. தையல் யூனிட்டில் எல்லோரிடமும் சொன்னேன். புல்லைப் பிடுங்கி, சரளைக் கல் பரப்பி, ஓரமாகக் கற்றாழை வைத்து, நடுவில் இந்தக் கன்றை நட்டேன். கல் சுமந்ததில் இடுப்பு பிடித்து நாலு நாள் மெஷினில் உட்கார முடியவில்லை. அதை உன்னிடம் சொல்லவில்லை.

துணி அலசும் கடைசித் தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றினேன். இரண்டு வருடம் இலை இலையாகத் தள்ளியதே தவிர ஒரு மொட்டு இல்லை. மாப்பிள்ளை மாதிரி நடு வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. மாதம் ஒரு முறை என் தையல் டேப்பால் அதற்கு இடுப்பளவு எடுப்பேன். இப்போது பதினோரு அங்குலம். நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊத்திக்கிட்டே இருந்தா இலைதாம்மா வரும். கொஞ்ச நாள் காயப் போடுங்க, தானா பூக்கும்" என்றார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு காயப் போட்டேன். போன மாதம் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. செத்துவிட்டது, தம்பியிடம் என்ன சொல்வேன் என்று அழுதேன். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் கிளையே தெரியாமல் பூ.

எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மரத்தடியில் நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் உன் பதில் வந்தது. "சூப்பர் அக்கா. நீ நிக்காம இன்னொண்ணு அனுப்பு. மரம் மட்டும் தெரியட்டும்." மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் நீ இப்படித்தான் கேட்டாய். வீட்டு ஞாபகத்தில் கேட்கிறாய் என்றுதான் இருந்தேன். வெளுத்ததெல்லாம் பால் எனக்கு. நானும் தள்ளி நின்று, இன்னொன்று எடுக்கச் சொல்லி உனக்கு அனுப்பினேன். பூத்த சந்தோஷத்தில் அன்று ஊற்றிய பாத்தி ஈரத்தில் இறங்கக் கழற்றிப் போட்ட செருப்பு மட்டும் மரத்தடியிலேயே கிடந்துவிட்டது.

வியாழக்கிழமை யூனிட்டில் மின்சாரம் இல்லை. வீட்டிலேயே காலர் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு புருஷனும் மனைவியும் வந்து, வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்றார்கள். விலாசம் தப்பு என்றேன். அவர் தன் போனை நீட்டினார். என் மரம். என் சரளைக் கல். மரத்தடியில் என் செருப்பு, இடது வார் நான் நீல நூலால் தைத்தது. கீழே எழுதியிருந்தது: தண்ணீர் அதிகம் தேவைப்படாத தோட்டம், பூமரத்துடன். வீடு காலியாக உள்ளது.

கழுத்தில் நூலும் கையில் கத்தரிக்கோலுமாக நான் வாசலில் நிற்கிறேன். வீடு காலியாக உள்ளது.

அந்த அம்மா நல்லவள்தான். "நீங்க வீட்டைப் பாத்துக்கிறவங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்யில்லையே. என் மெஷின் இருக்கும் முன்னறையைப் பார்த்து, இங்கே செருப்பு அலமாரி வைக்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். போன வருடமே உன்னிடம் கேட்டாராம். "மரம் பூக்கட்டும், அப்புறம் வந்து பாருங்கன்னு சொன்னாரு" என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வெள்ளிக்கிழமை, நீ சொல்லியிருந்த அந்த ஆள் காகிதத்தோடு வந்தார். குடிநீர் இணைப்பில் பெயர் மாற்ற ஒரு கையெழுத்து என்றாயே, அதுதான். இதுவரை நீ நீட்டிய எதையும் நான் படித்ததில்லை. முதல் தடவையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் படித்தேன். அதில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை தம்பி. அம்மா நம் இரண்டு பேருக்கும் எழுதி வைத்த வீட்டில் என் பங்கையும் விற்க உனக்கு நான் அதிகாரம் கொடுப்பதாக இருந்தது. அப்புறம் போட்டுத் தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். காகிதம் மெஷின் டிராயரில் இருக்கிறது.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உனக்கு அங்கே என்ன நெருக்கடியோ. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உன் பள்ளிக்கூடச் சட்டை முதல் கல்யாணச் சட்டை வரை நான் அளவெடுத்தது. உனக்கு இல்லை என்று எதைச் சொன்னேன்? விற்பதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. மூன்று வருடம் என் கையாலேயே என்னை வெளியேற்றத் தோட்டம் போட வைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போன் பேசுவதை நீ மெல்ல மெல்லக் குறைத்தபோது வேலை அதிகம் என்று நினைத்தேன். என்னையும் காயப் போட்டுப் பார்த்தாயோ.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை நேரில் வா. பூ உதிர்வதற்குள் வந்தால் நல்லது, மூன்று வாரம் நிற்கும் என்கிறார் நர்சரிக்காரர். அந்த மரத்தடியில் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நீ கிளம்பு" என்று உன் வாயால் சொல். அன்றைக்கே போட்டுத் தருகிறேன். வேறு ஆள் கையில் காகிதம் அனுப்பாதே.

யார் வந்து குடியிருந்தாலும் ஒன்று சொல்லிவிடு. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தரம், அடி வேர் நனையும்படி ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், காற்றடித்தால் சாய்ந்துவிடும்.

குழந்தைக்குச் சளி என்றாயே, இப்போது தேவலையா? அவளுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன், வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும். நீ நன்றாக இரு. என் வாயிலிருந்து உனக்கு வேறு சொல் வராது.

இத்துடன் திங்கட்கிழமை எடுத்த முதல் போட்டோவை வைத்திருக்கிறேன். அதில் நான் நிற்கிறேன்.

காலியாக இல்லாத வீட்டிலிருந்து,
உன் அக்கா